பிரிக்கக் கூடாத கவர்

மேல்படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகள் யாரும் என் அக்கா மகளின் ஜெராக்ஸ் கடைக்கு வந்து சும்மா திரும்பிவிட முடியாது. தாளை நீட்டுவதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள்.

"யூனிவர்சிட்டியில இருந்து வந்த மெயிலை முழுசாப் படிச்சியா? வாழ்த்துகள்னு இருக்கிற வரியை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு உக்காந்திருப்பியே! தடுப்பூசி போட்ட சீட்டு எங்க?"

"அம்மாகிட்ட இருக்குக்கா."

"அது அவங்ககிட்டதான் இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தாலும் வீட்டுக்குப் போய்த் தேடுவார்கள். பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வழிகாட்டும் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை பேசு, தங்க இடம் கேட்டு இப்போதே எழுது, கவரைப் பிரிக்காதே என்று அடுக்குவாள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அதற்கு என் கடைசி மகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடை என் அக்கா வீட்டுக்காரர் போட்டது. அவர் திடீரென்று கண்ணை மூடியதும், ஒரே பெண்ணான இவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் அப்போது கப்பல் வேலையில் இருந்தார். நான் தையல் கம்பெனிக்குப் போய்விடுவேன். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்து, மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இவள்தான். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் இவளையும் சேர்த்துத்தான் நான் சொல்வேன்.

மகள் பட்டம் வாங்கி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, மேலே படிக்க மனுப் போட்டாள். இடம் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: பழைய கல்லூரி முத்திரை வைத்து ஒட்டிக் கொடுக்கும் மதிப்பெண் சான்றிதழ், கவரோடு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் வீட்டில் பகலில் ஆள் இருக்காது என்பதால் தபாலெல்லாம் கடை விலாசத்துக்கே வரும். கவர் திங்கட்கிழமை வந்தது. அன்று நல்ல மழை. சாயங்காலம் அக்கா மகள் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

"இந்தாடி உன் மார்க் ஷீட். லேமினேஷன் போட்டுட்டேன். இனி தண்ணியிலயே போட்டு வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

மகள் கையில் வாங்கவில்லை. "கவர் எங்கக்கா?"

"எந்தக் கவர்?"

"இது வந்த கவர்."

"அதுவா? குப்பையில கிடக்கு. சுத்தி சுத்தி ஒட்டி வச்சிருந்தாங்க, பிரிக்கிறதுக்குள்ள நகம் போச்சு."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பிரிச்சா செல்லாதுக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலைன்னா என் இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"அதை உரிச்சு எடுக்க முடியாதா?" என்றேன் நான்.

"சூட்டுல ஒட்டினது சித்தி. உரிச்சா எழுத்தும் கூடவே வந்துடும்" என்றாள் அக்கா மகள்.

மறுநாள் கடை திறக்கவில்லை. தப்புச் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செய்த தப்பைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவள் இவள் ஒருத்திதான். இரண்டு பஸ் மாறி, பழைய கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றிருக்கிறாள். அங்கிருந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாளாம்.

"வருஷா வருஷம் யாராவது பிரிச்சிடுவாங்க. லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தது நீங்க மட்டும்தான். சரி, படிச்ச பொண்ணு கேட்டாத்தான் வேற குடுப்போம். நீங்க யாரு?"

"அக்கா."

"கூடப் பிறந்தவங்களா?"

"அவ அம்மாவும் எங்கம்மாவும் கூடப் பிறந்தவங்க."

"அப்ப நீங்க..."

"அக்காதாங்க. அதுல என்ன சந்தேகம்?"

மகள் வேலையிடத்திலிருந்தே சம்மதம் எழுதி மெயில் அனுப்பினாள். அடுத்த சிக்கல், கையெழுத்துப் போடும் அதிகாரி லீவில் இருந்தார். அடுத்த திங்கட்கிழமைதான் வருவாராம். அக்கா மகள் போனில் சொன்னதும் மகள், "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றாள்.

"என்ன முடிஞ்சுது? யூனிவர்சிட்டியில கேட்டியா?"

"எப்படிக்கா கேக்கிறது? ஒரு கவரைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவ படிச்சுக் கிழிக்கப் போறாளான்னு நினைப்பாங்க."

"நினைச்சுட்டுப் போறாங்க! எங்கக்காவுக்கு அறிவில்ல, அவதான் பிரிச்சான்னு என் தலையில போடு."

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன்."

"அப்ப நம்பரைக் குடு, நானே பேசறேன்."

அந்த மிரட்டல் வேலை செய்தது. இவள் பேசினால் என்னென்ன பேசுவாள் என்று மகளுக்குத் தெரியும். உடனே அவளே பேசிவிட்டாள். சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய காலேஜ்ல இருந்து, திங்கக்கிழமை நேரா எங்களுக்கே அனுப்பறோம்னு ஒரு வரி மெயில் வரட்டும். நீங்க வெள்ளிக்கிழமை பதிவு பண்ணிக்கலாம். இதை நேத்தே கேட்டிருந்தா நிம்மதியாத் தூங்கியிருக்கலாமேம்மா" என்றாராம். முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

அந்த ஒரு வரிக்காக அக்கா மகள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நாளைக்கு அனுப்புகிறேன் என்ற அம்மாளிடம், "நாளைக்குன்னா நானும் ரெண்டு பஸ் மாறி வரணும். நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் சத்தம் போடாம உக்காந்திருக்கேன்" என்றிருக்கிறாள். இப்படி ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தால் யாருக்கு வேலை ஓடும்? அந்த அம்மாள் அப்போதே எழுதி அனுப்பிவிட்டாள். அவளும் நன்றாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கடைக் கம்ப்யூட்டரிலேயே மகள் பதிவு செய்தாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆசைக்கு நாலு பாடம் எடுக்கப் பார்த்தவள், முதல் பருவத்துக்கு மூன்றே போதும் என்று பேராசிரியர் எழுதியிருந்ததைப் பார்த்து ஒன்றை விட்டாள். கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு, "சேர்ந்துட்டேன்க்கா" என்றாள்.

அக்கா மகள் திரும்பி, காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த பின்பக்கம் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாசலில் ஒருவர் ஆதார் நகல் எடுக்கத் தாளோடு வந்து நின்றார். நான்தான் எழுந்து போய் மிஷின் முன்னால் நின்றேன்.

"எந்தப் பொத்தான்மா?" என்று உள்பக்கம் பார்த்துக் கேட்டேன்.

"பச்சை, சித்தி." மூக்கடைத்த குரல் வந்தது. "மூடியை மூடிட்டு அழுத்துங்க."