கோயில் மாடு புகுந்த பட்டறை

சோலைக்கு எல்லா வேலையும் வரும், ‘முடியாது’ என்று சொல்ல மட்டும் வராது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த பம்பரைக் கொண்டுவந்து போட்டு, இது தேறுமா என்று யாராவது கேட்டால், தேறாது என்று தெரிந்தும் அவன் தலை ஆடிவிடும். ஆட்டிய தலைக்காக மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்து அதைத் தேற்றியும் கொடுப்பான். அந்தத் தலையாட்டலால்தான் அவன் தொழில் வளர்ந்தது. அதே தலையாட்டலால்தான் அவன் ஆசைப்பட்ட பக்கம் வளராமலும் போனது. நல்லதும் கெட்டதும் ஒரே இடத்திலிருந்து வந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சம்சாரி வீட்டின் நாலாவது பிள்ளை அவன். இருந்த காட்டை மூன்று அண்ணன்மார் உழுதுகொண்டிருந்ததால் நாலாவது ஏருக்கு அங்கே இடமில்லை. மதுரைக்கு வந்து கீழவாசல் பக்கம் ஒரு நிக்கல் பாலீஷ் கடையில் சேர்ந்தான். வருஷக்கணக்கில் அங்கே அமிலத்தில் கை வெந்தபிறகு, 1996இல் அவனியாபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாக முலாம் பூசும் தொட்டி வைத்தான். கூட வேலைக்கு ஆள் கிடையாது. அவன் மனைவி தாமரைச்செல்விதான் சாமான்களைக் கம்பியில் கோத்துத் தொட்டியில் தொங்கவிடுவாள், எடுத்துக் கழுவுவாள், வருகிற ஆட்களிடம் கறாராகப் பேசுவாள். கறாராகப் பேச அந்த வீட்டில் ஒருவராவது வேண்டுமே.

முதலில் வந்ததெல்லாம் அம்பாசடர் பம்பரும் புல்லட் சைலன்சரும்தான். பிறகு கொடைக்கானல் பங்களா ஒன்றின் டிரைவர் ஒரு பழைய மோரிஸ் காரின் முன்பக்கக் கிரிலைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அது போன வாரம் வாங்கியது மாதிரி திரும்பிப் போனது. அதன்பின் பழைய கார் வைத்திருப்பவர்களிடையே மதுரையில் ஒருத்தன் இருக்கிறான் என்று பேச்சு மெல்லப் பரவியது. திண்டுக்கல்லிலிருந்து கதவுக் கைப்பிடி வந்தது, காரைக்குடியிலிருந்து சக்கர மூடி வந்தது. சோலைக்குக் காலுக்குக் கீழே தரை உறுதிப்படுவது தெரிந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம். ஒரு காரின் சாமான்கள் தயாரானதும், கொட்டகைத் தரையில் சாக்கை விரித்து, அவை காரில் எங்கெங்கே இருக்குமோ அங்கங்கே வைப்பான். முன்னால் பம்பர், அதன் பின்னால் கிரில், இரண்டு பக்கமும் விளக்குகள், நடுவில் கைப்பிடிகள், கடைசியில் பின் பம்பர். காரே இல்லாமல் ஒரு கார் தரையில் கிடக்கும். எது குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும் என்று காரணம் சொல்வான். உண்மையில் அப்படிக் கிடப்பதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும், வேறொன்றுமில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் திருநகர் லட்சுமிநாராயணன் வந்தார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். அவருடைய அப்பா வாங்கிய ஆஸ்டின் கார் ஒன்று பல காலமாகக் கிடப்பில் கிடந்தது. மகள் ஸ்ரீலட்சுமிக்குத் தை கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எஞ்சினை ஒருவரிடமும் பெயிண்டை ஒருவரிடமும் ஒப்படைத்துவிட்டு, மின்ன வேண்டிய சாமான் அத்தனையையும் சோலையிடம் இறக்கினார். சோலையை நம்பி வந்த முதல் முழுக் கார் அது.

அதில் முக்கியமானவை இரண்டு விளக்குகள். மட்கார்டுக்கு மேலே தனித்தனியாக நிற்கும், கிண்ணம் கிண்ணமாக, வரிவரியான கனத்த கண்ணாடியோடு. இந்த ஜோடி போனால் வேறு ஜோடி கிடைக்காது என்று லட்சுமிநாராயணன் பலமுறை சொன்னார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

“கோயம்புத்தூர், சேலத்துல பழைய கார் வச்சிருக்கிற என் சிநேகிதங்க அத்தனை பேரும் அழைப்புக்கு வர்றாங்க, சோலை. விளக்கைப் பாத்தா யார் செஞ்சதுன்னு கேக்காம போகமாட்டாங்க. உங்க பேரைச் சொல்றேன்.”

அந்த ஒரு பேச்சில் சோலை மிதந்தான். கோயம்புத்தூரும் சேலமும் தன் கொட்டகை வாசலில் வரிசையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டான். பெயர்ப்பலகைக்குச் சொல்லிவைத்தான். விளக்குக் கிண்ணங்களை மட்டும் தேய்த்துத் தேய்த்து, மறுபடி தேய்த்து, நிக்கலுக்கு மேல் குரோம் ஏற்றி முடித்தபோது தாமரைச்செல்வி அதில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

மார்கழி பாதியிலேயே வேலை முடிந்துவிட்டது. ஆனால் மார்கழியில் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று லட்சுமிநாராயணனின் அம்மா ரங்கநாயகி சொல்லிவிட்டார். பஞ்சாங்கம் பார்த்துத் தை ஒன்றாம் தேதி காலையில் நல்ல நேரம் குறித்தார்கள். தை ஒன்று அவனியாபுரத்தில் என்ன நாள் என்று மதுரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். லட்சுமிநாராயணனுக்கும் தெரியும்தான். ஜல்லிக்கட்டு தொடங்குவதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். மறுநாள் வாங்க சார் என்று சோலை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னானா? தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

“ஊரே அன்னைக்கு மாட்டுக்குப் பின்னாடி ஓடும். நீங்க கடையைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீகளா?” என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

வாடிவாசல் எங்கோ இருக்கிறது, நம் தெருவுக்கு மாடு எதற்கு வரப்போகிறது என்றான் சோலை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பொங்கலுக்குப் பொங்கல் சொந்த ஊருக்குப் போய்விடுகிறவன், அவனியாபுரத்தை அந்த நாளில் பார்த்ததே கிடையாது.

தை பிறந்தது. தாமரைச்செல்வி கொட்டகை வாசலில் கோலம் போட்டுப் பொங்கல் வைத்து இறக்கினாள். நல்ல காரியத்துக்கு ஆள் வருகிற நேரம் என்று தகரக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்திருந்தார்கள். சோலை புதுச் சாக்கு விரித்து ஆஸ்டினைத் தரையில் வைத்து முடித்தான். கிழக்கு வெயில் உள்ளே விழுந்ததும் கொட்டகையே கண்ணைக் கூசவைத்தது. நல்ல நேரம் வந்தது, போகவும் தொடங்கியது. லட்சுமிநாராயணனைக் காணோம். கூட்டத்துக்காகப் போலீஸ்காரர்கள் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்?

முதல் மாடாகக் கோயில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அதை யாரும் பிடிக்கக் கூடாது, தொடவும் கூடாது. கும்பிட்டு வழிவிடுவதுதான் வழக்கம். மற்ற வருஷங்களில் அது நேரே ஓடிக் கண்மாய்ப் பக்கம் நின்றுவிடும். இந்த வருஷம் அந்த வழியில் கூட்டம் அடைத்து நிற்கவே, பக்கத்துத் தெருவில் திரும்பியது. திரும்பியது ஓடக்கூட இல்லை. வீடு பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி நிதானமாக நடந்து வந்து, கோலத்தை மிதித்து, சோலையின் கொட்டகைக்குள் நுழைந்தது.

தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. மாட்டைப் பராமரிக்கும் கண்ணுச்சாமி மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றார்.

“ஏப்பா சோலை, கூப்பிட்டாலும் வராத சாமி தானா வந்து உன் வாசலை மிதிச்சிருக்கு. தண்ணி காட்டச் சொல்லுப்பா.”

சோலைக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்த நாளில், இந்தச் சாமான்கள் கிடக்கும் நேரத்தில் கோயில் மாடு வருகிறதென்றால் தொழில் இனி எங்கேயோ போகப் போகிறது என்றுதான் அவனும் நினைத்தான். தாமரைச்செல்வி வாளியில் தண்ணீர் வைத்து, அதன் நெற்றியில் குங்குமம் இட்டாள். மாடு குடித்தது. குடித்து முடித்துத் தலையைத் தூக்கியது.

எதிரே, வலது விளக்கின் கிண்ணத்தில், நெற்றியில் குங்குமத்தோடு இன்னொரு மாடு நின்றுகொண்டிருந்தது.

மாடு மூச்சை விட்ட சத்தத்திலேயே சோலைக்குப் புரிந்துவிட்டது. வேறு எவன் செய்திருந்தாலும் அந்தக் கிண்ணம் அப்படி மின்னியிருக்காது. முன்னங்காலால் மாடு சாக்கைக் கிளறியது. சோலை ஓரடி எடுத்து வைத்தான். கண்ணுச்சாமி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தொட்டுறாதப்பா. கோயில் மாடு.”

“அண்ணே, வெளக்குண்ணே” என்றான் சோலை.

அடிக்கக் கம்பு இருந்தது, கட்டக் கயிறு இருந்தது, ஊரே சுற்றி நின்றது. ஒருவர் கையும் எழவில்லை, அவன் கையும்தான். மாடு தலையைத் தாழ்த்தி வலது கொம்பால் ஒரே குத்து. கண்ணாடி நொறுங்கியது. கொம்பில் மாட்டிய கிண்ணத்தைத் தரையில் தேய்த்து, குளம்பால் நசுக்கி, கிரிலை மிதித்து வளைத்தது. தாமரைச்செல்வி மட்டும் பாய்ந்து இடது விளக்கை அள்ளி முந்தானைக்குள் போட்டுக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். எதிரி ஒழிந்த திருப்தியில் மாடு வந்த மாதிரியே நடந்து வெளியே போனது. போகிற மாட்டையும் ஜனங்கள் கும்பிட்டார்கள்.

லட்சுமிநாராயணனும் அவர் அம்மாவும் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தபோது சோலை கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கண்ணுச்சாமிதான் நடந்ததைச் சொன்னார், ஏதோ பாக்கியத்தைச் சொல்வது போல. ரங்கநாயகி அம்மாள் தெரு முனையில் தெரிந்த மாட்டை நோக்கி ஒருமுறை கும்பிட்டார். பிறகு தாயும் மகனும் தங்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள். வெகுநேரம் பேசினார்கள். தன் பிழைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. சோலை எழுந்து அவர்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் லட்சுமிநாராயணன் தமிழுக்கு வந்தார். “மாட்டை யார் என்ன சொல்ல முடியும், சோலை? உங்க மேல தப்பில்ல.”

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் சோலை காலில் விழுந்திருப்பான். தப்பில்லை என்கிறவர் காலில் எப்படி விழுவது? கிரிலையாவது தட்டிச் சரி பண்ணித் தருகிறேன் என்றான். இருக்கட்டும் என்றார் அவர். இருந்ததை எல்லாம் அந்தச் சாக்கிலேயே கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நசுங்கிய கிண்ணம் மட்டும் சோலையிடம் மிஞ்சியது.

அவன் சும்மா இருக்கவில்லை. நசுங்கியதைத் தட்டித் தட்டிக் கிண்ணமாக்கி மறுபடி முலாம் ஏற்றினான். கண்ணாடித் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்துகொண்டு திருச்சி, கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளை எல்லாம் அலசினான். எங்கும் அந்த வரி போட்ட கண்ணாடி இல்லை. கிட்டத்தட்ட ஒத்துவரும் ஒன்றைப் பொருத்தித் திருநகருக்குக் கொண்டுபோனான். லட்சுமிநாராயணன் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். விளக்கைக் கையில் வாங்கவில்லை.

“அம்மா வேண்டாம்னு நினைக்கிறாங்க. சாமி வேண்டாம்னு ஒதுக்கினதை நாம எடுத்து மாட்டக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு எண்ணம்.”

சோலை அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் அவனும் தாமரைச்செல்வியும் திருநகரில் ஊர்வலம் வரும் தெருவின் ஓரத்தில் நின்றார்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆஸ்டின் வந்தது. இடது விளக்கு தகதகவென்று இருந்தது. வலது விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மல்லிகையும் ரோஜாவும் சேர்த்துப் பந்தாகக் கட்டி வைத்திருந்தார்கள். சோலைக்குப் பக்கத்தில் நின்றவர், ஒரு பக்கம் லைட்டு, ஒரு பக்கம் பூவு, நல்லா யோசிச்சுச் சோடிச்சிருக்காய்ங்க என்று மெச்சிக்கொண்டார். காரோடு நடந்து வந்த வெளியூர் ஆள் ஒருவர் இடது விளக்கில் விரலை ஓட்டிப் பார்த்து லட்சுமிநாராயணனிடம் ஏதோ கேட்டார். லட்சுமிநாராயணன் ஏதோ பதில் சொன்னார். மேளச் சத்தத்தில் இவனுக்குக் கேட்கவில்லை.

அந்தப் பதிலுக்காகச் சித்திரை வரை காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. திண்டுக்கல்காரர் ஒருவரின் டிரைவர்தான் பிறகு போகிறபோக்கில் சொன்னார். வேலை சுத்தம்தான், ஆனால் அந்தப் பட்டறை ராசி இல்லை என்றுதான் அன்று பதில் வந்ததாம். வேலையில் குறை என்றால் சரி செய்யலாம். ராசியை எந்தத் தொட்டியில் முக்குவது?

அவனியாபுரத்திலோ பேச்சு நேர் எதிராக இருந்தது. கோயில் மாடு புகுந்த பட்டறை என்று ஊரே ஆட்டோ கம்பிகளையும் குத்துவிளக்குகளையும் ஜல்லிக்கட்டுக் கோப்பைகளையும் கொண்டுவந்து குவித்தது. இரண்டாயிரத்து மூன்றில் இன்னொரு தொட்டி கட்டினான், அடுத்த கொட்டகையையும் சேர்த்து எடுத்தான். தொழில் வளரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பழைய கார் சாமான் என்று எழுதிய பலகை மட்டும் அமிலத் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது.

அந்த வருஷ மார்கழியில் கண்ணுச்சாமி வந்தார். திருவிழாவுக்குக் கோயில் மாட்டின் கொம்பில் மாட்டும் பித்தளைக் குப்பிகள் இரண்டையும் துணியிலிருந்து எடுத்து வைத்தார்.

“சாமி தேடி வந்த எடம்ப்பா இது. வேற எங்கயும் குடுக்க மனசு வரல” என்றார்.

சோலையின் தலை ஆடியது. இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தான். வலது கொம்புக் குப்பி எது என்று அவர் அடையாளம் சொல்லித்தான் போயிருந்தார். அதற்கும் குறை வைக்கவில்லை. முலாம் ஏற்றிக் கழுவித் துடைத்தபின், பழக்கம் விடாமல் தரையில் சாக்கை விரித்து இரண்டையும் வைத்தான், ஆஸ்டினின் விளக்குகள் இருந்த இடத்தில், அதே அளவு இடைவெளி விட்டு. வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தான்.

தாமரைச்செல்வி அதைப் பார்த்தாள். பட்டப்பகலில் போய்த் தகரக் கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தினாள்.