வாழைப்பழம் வைத்துப் பார்த்த பாட்ஸ்

கத்தரிக்காயை நுள்ளிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. பால்காரியின் செம்புக்குள் விரல் விட்டுப் பார்த்து அவளிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். "அந்த ரீச்சர் வாறா, காயை மூடு" என்று சுன்னாகம் சந்தையில் ஒருவர் சொன்னது என் காதுபடத்தான். சொல்லட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நம்பி, அதற்கு இன்னொருத்தியின் பிள்ளை விலை கொடுத்ததைப் பார்த்தவள் நான்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சைவப் பெண்கள் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். எங்களிடம் ஒரு ஹொக்கி அணி இருந்தது. கோல் காப்பாளர் காலில் கட்டும் பாட்ஸ் ஒரு சோடிதான். எனக்கு முன்னிருந்தவர் விட்டுப்போனது. வெள்ளை பூசி, பார்க்க நல்ல வடிவாய் இருந்தது. அந்த வடிவைத்தான் நான் நம்பினேன். உள்ளே இருந்த பிரம்பை எப்போதோ பூச்சி தின்று முடித்திருந்தது. ஒரு பின்னேரம் பயிற்சியில் பந்து வந்து அடித்தபோது பாட்ஸில் எழ வேண்டிய சத்தம் பிள்ளையின் எலும்பில் எழுந்தது. நெட்டையான, கலகலப்பான பிள்ளை. முழங்காலுக்குக் கீழே வெடிப்பு. மாவுக்கட்டு அவிழ்த்த பிறகும் கெந்திக் கெந்தித்தான் நடந்தாள். தவணை முடியப் பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் தாய் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வருஷம் கோலுக்கு வந்தவள் கடற்கரைப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஆள் கட்டை, ஆனால் கெட்டிக்காரி; பந்து கிளம்ப முன்னமே போய் நிற்பாள். பயிற்சிக்கு விடும்படி கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். தாய் மீன் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"விளையாடட்டும் ரீச்சர். ஆனால் போன வருஷத்துப் பிள்ளையின்ரை கதை எனக்குந் தெரியும். இவளின்ரை காலிலை அடிபட்டுக் கறுத்த ஒரு கண்டல் கண்டனெண்டால் அண்டையோடை விளையாட்டுச் சரி."

"ஒரு கண்டலும் வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் இரண்டு காலும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

புது பாட்ஸ் வாங்க வழியில்லை. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம் அது. சுன்னாகத்தில் பழைய கார்களுக்குச் சீற் தைக்கிற ஒருவர் இருந்தார். வாய்க்குள் எப்போதும் ஒரு கோணி ஊசி. அதை எடுக்காமலே கதைப்பார். பழைய பாட்ஸைக் கொண்டுபோய் அவர் முன் போட்டு, இந்த அளவிலேயே புதிதாக ஒரு சோடி வேண்டும், பிரம்பும் இலவம் பஞ்சும் வைத்து மேலே தோல் மாதிரியான றெக்சின் சீலை போட வேண்டும் என்றேன்.

"செய்யலாம். கார்ச் சீற்றிலை ஆள் வந்து இருக்கிறான், இதிலை பந்து வந்து இருக்கப்போகுது."

"பஞ்சுதானே அண்ணை வைப்பியள்?"

"வேறென்ன வைக்கிறது?"

"தும்பை அடைஞ்சுபோட்டுப் பஞ்செண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்."

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப இதிலை இருந்து பாருங்கோவன்."

கேலியாகத்தான் சொன்னார். நான் இருந்தேன். மூன்று சனிக்கிழமை, ஒரு கழற்றிப்போட்ட கார்ச் சீற்றின் மேல், அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல். பஞ்சை மூக்கில் வைத்து மணந்தேன், பிரம்பை வளைத்தேன், நூலை இழுத்தேன். மெழுகு பூசிய நூலில் இரட்டைத் தையல். ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

செய்து முடிந்ததும் சோதிக்க வேண்டும். பாட்ஸின் உட்புறம் ஒரு முட்டையை வைத்துப் பந்தால் அடித்துப் பார், உடையாவிட்டால் கால் தப்பும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் பாடசாலைப் படலைக்குள் முட்டை வந்தால் அதிபர் அம்மா என்னையே உடைத்துவிடுவார். ஆகவே பொரித்த அப்பளத்தை வைத்தேன். முதல் பந்துக்கே தூள். சுன்னாகத்துக்குப் போய்ச் சொன்னேன். "அப்பளம் தும்மினாலும் உடையும் ரீச்சர்" என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது.

பிறகுதான் கதலி வாழைப்பழம் நினைவுக்கு வந்தது. ஒரே சீப்பில் இரண்டு பழம். ஒன்றைக் கம்பத்தில் கட்டி, அதன்மேல் பாட்ஸைக் கட்டி, அணியில் கை பலமான பிள்ளையை விட்டு ஏழு கவடு தள்ளி நின்று இருபது பந்து அடிப்பித்தேன். மற்றப் பழம் அடிபடாமல் என் மேசை லாச்சியில், பூட்டிய பூட்டோடு. திறப்பு என் இடுப்பில். மறுநாள் காலை இரண்டையும் உரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் நாள் அடிபட்ட பழம் கறுத்துக் கண்டிப்போயிருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு படை பஞ்சு வைத்தார். அப்படி ஆறு நாள். ஆறாம் நாள் இரண்டு பழமும் ஒரே நிறம். ஆசிரியைகள் அறையில் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒருவரும் அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்தவர்கள் இல்லை.

அந்தக் கையோடு நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு விளையாட்டுச் சாமானும் வைப்பது எங்கள் வழக்கம்.

"உதிலை தோல் கீல் இருக்கோ?" என்றார் அதிபர் அம்மா.

"இல்லை, முழுக்க றெக்சின்" என்றேன்.

சந்தனப் பொட்டு வைத்து, மட்டைகளோடு பாட்ஸையும் சாத்திவைத்தோம். வைத்தால் விஜயதசமி காலை வரை ஒருவரும் தொடக்கூடாது. மூன்று நாள் என் கண்ணுக்கு எட்டாமல் அந்தச் சாமான் கிடந்தது எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் தெய்வத்துக்கு முன்னால் காவல் நிற்பேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

விஜயதசமிக்குப் பிறகு பயிற்சி தொடங்கியது. பூசைக்கு முன்னர் புது பாட்ஸைக் கட்டிக்கொண்டு தடுமாறிய பிள்ளை இப்போது பறந்தாள். சாவகச்சேரியில் நடக்கவிருந்த போட்டியில் இவளைத் தாண்டி யார் கோல் போடுவது என்று நினைத்து, சந்தோஷப்பட்டேன். நாலு நாள் நிலைத்தது அந்தச் சந்தோஷம். ஐந்தாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். பயிற்சி முடிந்ததும் பாட்ஸை வேறு யாரும் தொட முன் அவளே ஓடிப்போய் எடுப்பாள். "நான் தூக்கிறன் ரீச்சர், நீங்கள் விடுங்கோ." பிள்ளைகள் இவ்வளவு பணிவாக இருந்தால் ஏதோ இருக்கிறது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் தூக்கிப் பார்த்தேன். பாரம் இல்லை.

அன்றே இரண்டு கதலி வாங்கினேன். மறுநாள் உரித்தபோது அடிபட்ட பழம் களியாய் ஒழுகியது.

என் மனம் நேரே சுன்னாகத்துக்குத்தான் போனது. பூசைக்கு முதல் நாள், அறுந்த வார் ஒன்றைத் தைக்கவென்று அவரிடம் பாட்ஸைக் கொடுத்து எடுத்திருந்தேன். ஒரு பின்னேரம் முழுக்க அவர் கையில். நான் பக்கத்தில் இல்லாத ஒரே பின்னேரம். ஆளைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட. பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

கடையில் இரண்டு பேர் நிற்கும்போதே கேட்டேன். "பஞ்சை உருவி எந்தக் காருக்கு வைச்சனீங்கள் அண்ணை?"

அவர் பாட்ஸை வாங்கித் தையலோரம் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்ரை தையல் இல்லை, ரீச்சர்."

"உப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்களே பாருங்கோ" என்று கத்தியை என்னிடம் தந்தார். நானே வெட்டினேன். பிரம்பும் பாதிப் பஞ்சும் இல்லை. உப்பிக்கொண்டு நிற்பதற்காக உள்ளே மடித்து அடைந்திருந்தது கிழிந்த வலைத்துண்டு. கடல் மணம் இன்னும் போகவில்லை. நூல் முடிச்சைத் திருப்பிப் பார்த்தேன். வலைக்குப் போடுகிற முடிச்சு.

கடையில் நின்றவர்கள் வெளியே பார்த்தார்கள். எனக்கு முகம் கூசியது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள், வலைத்துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக்கொண்டு, "திருப்பி அடைஞ்சு தாறன். இப்ப விளையாடுற பிள்ளையின்ரை கால் அளவு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"நான் தந்த அளவுதானே."

"நீங்கள் தந்தது பழைய பாட்ஸின்ரை அளவு. இந்தப் பிள்ளையின்ரை காலை அளந்தனீங்களோ எண்டு கேக்கிறன்."

நான் அளக்கவில்லை.

அடுத்த நாள் விளையாட்டுச் சாமான் அறைக்கு அவளைக் கூப்பிட்டேன். மேசையில் வலைத்துண்டைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். பூசை வைத்த இரண்டாம் நாள், எல்லாரும் அவலுக்கும் கடலைக்கும் நின்ற நேரம், பின்கதவால் புகுந்து செய்தாளாம். தெய்வக் குற்றம் என்று அழுதாள்.

"ஏன் செய்தனீ?"

"மேல் விளிம்பு துடையிலை வந்து இடிச்சது, ரீச்சர். ஓட ஏலாமல் கிடந்தது. பிரம்பை எடுத்தால் மடங்கிக் குடுக்குமெண்டு எடுத்தனான்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

வலைத்துண்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "சொன்னால் பயத்திலை சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பியள். நீங்கள் ஒருத்தரையும் நம்புறேல்லைத்தானே."

சொக்ஸைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்று நின்றாள். பிறகு கழற்றினாள். முழங்காலுக்குக் கீழே கறுப்பு, ஊதா, ஓரங்களில் மஞ்சள். அந்த நிறத்தை எனக்கு நன்றாகத் தெரியும். காலைகளில் உரித்து உரித்துப் பார்த்த நிறம்.

"அம்மா கண்டவாவோ?"

"இல்லை. கால் குளிருது எண்டு சொல்லிச் சொக்ஸோடைதான் படுக்கிறனான்."

அன்று பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பழைய அளவு, றெக்சின், பஞ்சு, வாழைப்பழம் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். கார்ச் சீற் தைக்கிறவரைக் கள்ளன் என்று நினைத்ததையும் சொன்னேன். தாய் கேட்டுக்கொண்டே மகளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, சொக்ஸைச் சுருட்டி இறக்கினாள். கனநேரம் பார்த்தாள். இனி விளையாட்டு இல்லை என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ஏசுவாள் என்று நின்றேன். அவள் தலையை நிமிர்த்தி, உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்:

"வாழைப்பழத்தை இவ்வளவு வடிவாய்ப் பார்த்த நீங்கள், ரீச்சர், இந்தக் காலை ஒருக்கால் பார்க்கேல்லையோ?"