பெருநாள் கூட்டுக்கு வாங்கிய பூ

எங்கள் கடற்கரைக் கோயில் பெருநாளில் மாதா சொரூபத்தை வைத்துத் தூக்கி வரும் கூட்டுக்கு வருசா வருசம் பிளாஸ்டிக் பூத்தான் கட்டுவார்கள். என் மச்சாளின் அலுமாரியில் கிடக்கும் பூ. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போர்த் தடையால் வன்னிக்குள் புதுச் சாமான் வராத காலம். ரோசா எது, தாமரை எது என்று தெரியாத அளவுக்குப் பூக்கள் வெளிறிப் போயிருந்தன.

அந்த வருசம் கூட்டை அலங்கரிக்கும் சோடனை வேலை எங்கள் வட்டாரத்துக்கு வந்தது. கூட்டத்தில் எழும்பி, "இந்த முறை மாதாவுக்குச் செடியில பூத்த பூத்தான். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

மச்சாள் சிரித்தார். "இந்தக் கடற்காத்துக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குமோ? பிறகு மானம் போறது எங்கட வட்டாரத்துக்கு."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "வாடினா, இனிமேல் சோடனைப் பக்கமே வரமாட்டன்" என்றேன். சோடனை என்றால் எனக்கு உயிர். அதைப் பந்தயம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பெருநாளுக்கு முதல் நாள் விடிய, மீன் பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, சைக்கிளில் கட்டிக்கொண்டு முள்ளியவளைக்குப் போனேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண், தன் மிளகாய்த் தோட்டத்து ஓரமாகச் சீனியா, கோழிக்கொண்டைப் பூச்செடிகள் வளர்த்தாள்.

"காசு கிடக்கட்டும்க்கா, நல்ல கருவாடு இருந்தா குடுங்க" என்றாள். கொடுத்தேன். ஒவ்வொரு தண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்து, விறைப்பாக நின்றதை மட்டும் வெட்டச் சொன்னேன். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவளை யார் ஏமாற்றுவது? வாழையிலையில் சுற்றி, ஈரச் சாக்கால் மூடி, வெயில் ஏறுமுன் வீடு வந்து சேர்ந்தேன். நல்ல தண்ணீர்ப் பானைகளில் பூக்களை நிறுத்திக் குசினி நிழலில் வைத்துவிட்டு, கூட்டைக் கழுவக் கோயிலுக்குப் போனேன்.

மத்தியானம் திரும்பி வந்தால், பூ முழுவதும் கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு!

"நான்தான் பானைக்கு ஒரு கை உப்புப் போட்டனான். கெடாம நிக்கட்டும் எண்டுதான்..." என்றார் என் கணவர்.

"இஞ்சாருங்கோ, மாதாவுக்குக் கருவாடோ போடப் பாத்தனீங்கள்?"

கத்தினேன், பிறகு அழுதேன். அழுதபடி வேலிக்கு மேலால் பார்த்தால், மச்சாள் தன் பிளாஸ்டிக் பூக்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயப் போட்டிருந்தார். அதைக் கண்டதும் அழுகை நின்றுவிட்டது.

கணவரை நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு விரட்டினேன். பாவம், குடம் குடமாகச் சுமந்தார். பானைகளைக் கழுவினேன். மீன் வெட்டும் கத்தியால் ஒவ்வொரு தண்டையும் தண்ணீருக்குள் வைத்தே சரிவாக நறுக்கி, கீழ் இலைகளை உரித்து, பூவின் கழுத்து வரை தண்ணீரில் இறக்கினேன். மேலே ஈரச் சாக்கு. "மாதாவே, இதில உன்ர மானமும் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பொழுதுபடச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு சிவப்புச் சீனியா தலையை நிமிர்த்தியிருந்தது. விடிய எல்லாம் நிமிர்ந்து நின்றன. நாலைந்தைத்தான் எறிய வேண்டி வந்தது.

கடற்கரை வீதியால் கூடு போனபோது காற்று அடிஅடி என்று அடித்தது. ஒரு இதழ் விழவில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், எனக்குத்தான் பெருநாள் என்று நினைத்திருப்பார்கள்.

வழக்கமாகப் பவனி முடிந்ததும் மச்சாள் பிளாஸ்டிக் பூக்களை அவிழ்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவார். யாரும் கை வைப்பதில்லை. அன்றைக்கு ஆசீர்வாதம் முடிந்த கையோடு ஒருவர் எட்டி ஒரு பூவைப் பிடுங்கினார். அவ்வளவுதான், சனம் பாய்ந்தது. வள்ளத்தில் கட்ட ஒன்று, படுக்கையில் கிடக்கும் வருத்தக்காரருக்கு ஒன்று, வீட்டுப் படத்துக்கு ஒன்று. எனக்கு ஒரு இலைகூட மிஞ்சவில்லை.

அந்த நெரிசலுக்குள்ளிருந்து, கொண்டை அவிழ்ந்து, சேலைத் தலைப்பு நிறையப் பூவோடு மச்சாள் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"ஒண்டும் கதையாதை" என்றார்.

நான் கதைக்கவே இல்லை. வெறும் கம்பியாய் நின்ற கூட்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், கோயில் அதிரச் சிரித்தேன்.