ஸ்வெல்டரிங் என்றால் புழுக்கம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் என் முதல் கோடை. பக்கத்து வீட்டு டோரின், எழுபதைத் தாண்டியவர், கையில்லாத சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து கிடந்தது. குளிரில்தான் வெள்ளைக்காரர்களுக்கு முகம் சிவக்கும் என்று நம்பிய நான் சால்வைக்குள் இருந்தேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். 'ஸ்வெட்டர்' என்று காதில் விழுந்தது.

வந்து நான்கு மாதமாகியும் 'தேங்க்யூ', 'சாரி' தவிர யாரிடமும் நான் பேசியதில்லை. கணவர் வேலைக்குப் போனால் வீடு ஊமையாகிவிடும். ஒருவர் என்னிடம் வாய்திறந்து கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் உள்ளே ஓடி, கணவரின் கம்பளி ஸ்வெட்டரைக் கொண்டுவந்து நீட்டினேன். டோரின் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ஸ்வெல்டரிங்."

வெட்கத்தில் நான் திரும்பப் போனபோது, நகர்ந்து உட்கார்ந்து பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டினார். வெயில் தோலைச் சுட்டால் அது ஸ்கார்ச்சிங்; காற்றில்லாமல், உடை உடம்போடு ஒட்டி, மூச்சுத் திணறினால்தான் ஸ்வெல்டரிங் என்று விளக்கினார். நாளையும் சொல்லலாம், அறையையும் சொல்லலாம், 'ஐ ஆம் ஸ்வெல்டரிங்' என்று நம்மையே சொல்லிக்கொள்ளலாமாம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் காப்பிக்கும் மிளகாய்க்கும் வெயிலுக்கும் 'ஹாட்' ஒன்றுதான். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் தோகை அசையாத கரும்புக்குள்ளிருந்து நனைந்த சட்டையோடு வெளியே வரும் அப்பா என் கண்முன் நின்றார். "உள்ள ஒரே புழுக்கம்மா. காத்தே வரல" என்பார்.

எங்களிடமும் அந்தச் சொல் உண்டு, அவித்த நெல்லுக்கும் அதுதான், வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் மனசுக்கும் அதுதான் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கு முன் நான் அவ்வளவு ஆங்கிலம் பேசியதில்லை. டோரின் என் பக்கம் திரும்பினார்.

"உன் மனசு புழுங்குதா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். மறுநாளிலிருந்து மாலைத் தேநீர் அவர் வீட்டில் என்றானது.

இரண்டு கோடை கழித்து அங்கே நிஜமாகவே அனல் அடித்தது. குளிரைத் தடுக்கக் கட்டிய வீடு செங்கல் சூளைபோலக் கொதித்தது, மின்விசிறி இல்லை. ஊர் வெயிலைப் பற்றி டோரினிடம் பெருமையடித்திருந்த நான்தான் முதலில் சுருண்டு படுத்தேன். அவர் தன்னிடமிருந்த ஒரே மேசைவிசிறியைத் தூக்கிவந்தார். ஆளுக்கொரு வாளித் தண்ணீரில் கால் வைத்து அதன் முன் உட்கார்ந்திருந்த எங்களை வீடியோவில் பார்த்த என் தங்கை அமுதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாக்கா, அவங்களோட சேந்து நீயும் உருகினு இருக்கற? இந்த வெயில்ல நாங்க கல்யாணத்துக்குப் போய்க்கினு இருக்கோம்" என்றாள்.

போன மே மாதம் ஊருக்குப் போனேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நான் ஏறி உட்கார்ந்த கச்சிராயபாளையம் டவுன் பஸ் கிளம்பாமல் நின்றது. மடியில் பலாப்பழம் வைத்திருந்த பக்கத்து அம்மாவிடம், புழுக்கம் ஜாஸ்தியாக இருக்கிறது இல்லையா என்று பேச்சுக் கொடுத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பழத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார். "ஊருக்குப் புதுசுங்களா?"

"இல்லீங்க, கச்சிராயபாளையம்தான்."

"அங்க யாரு வூடு?"

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் நம்பி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. சாலையின் வெக்கை ஜன்னல் வழியே அடித்தது. அவர் "அப்பாடா" என்று அந்தக் காற்றுக்கு முகத்தைக் காட்டினார். எனக்கு அது ஸ்கார்ச்சிங்; முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.