விடியற்காலைப் பாட்டில்

ஊரில் அவனைப் 'பாட்டில்' என்றுதான் கூப்பிடுவார்கள். குடிப்பழக்கம் ஒன்றுமில்லை, ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதிப்பது அவன் உத்தியோகம். அவன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். சான்றிதழை அம்மா சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி மாட்டியிருந்தாள்.

அந்தக் கோடையில் ஒன்பது நாள் அனல் அடித்தது. இருட்டிய பிறகும் காற்று தணியவில்லை. பத்தாம் நாள் காலை ஆறு முழுக்க மீன் செத்து மிதந்தது. அவன் ஆபீஸ் அதிகாரி அவனையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கரைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அவன் பிடித்த தண்ணீரில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தது.

"மூச்சுக்குக் குறைவில்ல. அப்ப வலைக்காரங்கதான் விஷம் கலந்திருக்காங்க. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடு" என்றார் அதிகாரி, ஆபீஸுக்குத் திரும்பியதும்.

போட்டால் வலைக்காரர்கள் அத்தனை பேரின் உரிமமும் போகும். அவர்களில் அவன் அக்கா புருஷனும் ஒருவர்.

"போட மாட்டேன் சார்."

"மச்சானுக்கு வக்காலத்தா?"

"மச்சான் எனக்கு ஒரு கெண்டைகூடச் சும்மா குடுத்ததில்ல சார். காத்து சூடானா தண்ணியும் சூடாகும். சூட்டுத் தண்ணியில ஆக்சிஜன் தங்காது. பகல்ல வெயில் பட்டா பாசி ஆக்சிஜனை ஊதிக் குடுக்கும். பொழுது சாஞ்சா அதுவும் மீனோட போட்டி போட்டு மூச்சு வாங்கும். விடியிறப்பதான் அடிமட்டம். நம்ம ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்குதுன்னு மீன் காத்திருக்குமா?"

பக்கத்து மேஜை எழுத்தர் சிரிப்பை இருமலாக்கினார்.

"படிச்ச திமிரு."

"படிச்சதுக்குத்தானே சார் வேலை குடுத்தீங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க. உங்க கையாலயே பிடிங்க."

அவன் மூக்கை அறுக்கவென்றே அதிகாரி வந்தார். குமிழி புகாமல் பாட்டிலை முக்கி மூடினார். கரையிலேயே பாட்டிலில் சோதனை மருந்து விட்டார்கள். ஆக்சிஜன் இருந்தால் அடியில் பழுப்பு திரளும். வெளிறிய மஞ்சளுக்கு மேல் ஏறவில்லை.

"வேற பாட்டில் குடு."

மூன்றாவதும் அப்படியே. ஆய்வகத்தில் அளந்தபோது ஒன்றே கால் மில்லிகிராம், மீன் தாங்காத அளவு.

"இதையும் சேத்து எழுதிக்கோ" என்றார் அதிகாரி, முகம் பார்க்காமல்.

"விஷம்னு எழுதின வரி?"

"அது இருக்கட்டும். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு."

அவன் அளவுகோல் வைத்து அந்த வரியை அடித்தான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் நேரத்தை எழுதினான். பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.

"வேலை இருக்குமான்னு யோசிச்சியா?"

"போனா போகட்டும் சார். எனக்கு வலை இழுக்கவும் தெரியும்."