குலுக்காம மோந்து பாருங்க

என் மூக்கைப் பற்றி எங்கள் பக்கத்தில் நல்ல பேச்சு உண்டு. திருமயம் போகிற பஸ்கள் நின்று கிளம்பும் ஒரு சின்ன ஊரில் மாவு மில் வைத்திருக்கிறேன். வருகிற பெண்கள் பையை இறக்கும்போதே ஆளுக்கொன்று சொல்வார்கள். "அவரு மூக்குல காட்டாம அரைச்சா கொழம்பு கொழம்பா இருக்காது" என்பார் ஒருவர். "எங்க வீட்டுல என்ன வறுத்தோம்னு எங்க மாமியாருக்கு முன்னாடி இவருக்குத் தெரிஞ்சுரும்" என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சுகளைச் சேர்த்து வைப்பதில் எனக்கு ஆசை அதிகம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு சர்டிபிகேட் ஏது?

அதற்கேற்ற ஆட்டமும் ஆடுவேன். மல்லியை ஒரு கை அள்ளி, விரலால் நெருடி, கண்ணை மூடி, மூக்கருகே வைத்துச் சாமி வந்தவன் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு, "இன்னும் ரெண்டு பெரட்டு வறுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவேன். போகிறவர்களுக்குக் கோபம் வராது. என் மூக்கின் மேல் மரியாதைதான் கூடும்.

அந்த மூக்கு எப்போது போனது என்று தெரியாது. போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை.

மில்லில் மிளகாய்க்கு ஒரு மெஷின், அரிசிக்கு ஒரு மெஷின். போன வருஷம் நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் அரிசி மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. பள்ளிவாசல் தெருவிலிருந்து ஓர் அம்மா இடியாப்பத்துக்கு அரிசி கொண்டுவந்து காத்திருந்தார். அவரைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் மிளகாய் மெஷினைச் சுத்தம் பண்ண அதில் மூன்று கை குருணையை ஓட்டினேன். பிறகு மாவு விழுகிற துணிக்குழாயில் மூக்கை வைத்துப் பார்த்தேன். நெடி இல்லை. துளிகூட இல்லை. அரைத்துக் கொடுத்து, "பச்சப் பிள்ளைக்கே குடுக்கலாம்" என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் வந்தார். சத்தமெல்லாம் போடவில்லை.

"அண்ணே, ஒங்க மாவுல இடியாப்பம் சுட்டா கொழம்பே வேண்டியதில்ல. பிள்ளைக தேங்காப்பால ஊத்தி ஊத்திக் குடிச்சுத்தான் நாக்க ஆத்துச்சுக."

சளி என்றேன். முப்பது வருஷம் மிளகாய்த்தூள் ஏறின மூக்கு, என்றைக்காவது அடைத்துக்கொள்ளாதா என்றேன். வேறு மாவு கொடுத்து அனுப்பினேன். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்த என் மனைவி, "சளியா? எங்க, ஒரு தும்மல் தும்முங்க பாப்போம்" என்றாள்.

முயன்றேன். வரவில்லை.

அவள் அதற்கு முன்பே கணக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகைந்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்ததை, தூக்கத்தில் யாரையோ உதைத்ததை, நடக்கும்போது வலது கை மட்டும் வீசாமல் தொங்கியதை. அந்த வலது கை கொஞ்ச நாளாக நடுங்கவும் செய்தது. மெஷின் அதிர்வு கையில் தங்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். மில்காரன் கை நடுங்காமல் வாத்தியார் கையா நடுங்கும் என்று கேட்டால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பிறகு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. காலையிலிருந்து மில் அசையாமல் கிடந்தது. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கரண்ட்டுதான் போயிருச்சே. கை மட்டும் எதுல ஓடுது?"

கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். உள்ளே பயம்தான். நடுக்குவாதம் என்று டாக்டர் பேர் வைத்துவிட்டால், ஓடுகிற பெல்ட் பக்கம் போகாதே, மில்லை மூடு என்பார்கள். மில்லை மூடினால் யாரிடம் பேசுவது? சுவரிடம் பேசிப் பழக எனக்கு வயசு பத்தாது.

மனைவி விடாமல் கூட்டிக்கொண்டு போன நரம்பு டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், நாலு வரி எழுதச் சொன்னார். என் எழுத்து போகப் போகச் சிறுத்து எறும்பாகிவிட்டது. "வாசனையெல்லாம் நல்லாத் தெரியுதா?" என்றார்.

"அதுதாங்க என் பொழப்பே" என்றேன். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

இந்த வியாதியில் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே வாசனை குறைவது உண்டு என்றும், அடுத்த வாரம் மூக்குக்கு ஒரு டெஸ்ட் வைத்துப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனையோ பரீட்சையில் பெயிலானவன். கடைசியில் எனக்குத் தெரிந்த பாடத்தில் கேட்கிறார்கள்.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மனைவி துண்டால் என் கண்ணைக் கட்டி, சமையல் அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து கையில் கொடுத்தாள். வாங்கி மூக்கருகே கொண்டுபோய், "சீரகம்" என்றேன். சரி. "வெந்தயம்." சரி. "மிளகு." "மல்லி." எல்லாம் சரி. ஒரே ஒரு டப்பாவில் மட்டும், "ஏதோ தூள்" என்றேன். அது மஞ்சள்தூள். அதற்கும் அரை மார்க் கேட்டேன். கட்டை அவிழ்த்தபோது அவள் முகத்தில் ஏன் சந்தோஷம் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் பன்னிரண்டு சீசாக்களை வரிசையாக வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் பஞ்சு. மோந்து பார்த்ததும் அந்தப் பெண் நாலு வாசனையின் பேரைச் சொல்லும். நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் சீசாவை வாங்கினேன்.

"ஐயா, குலுக்காதீங்க. மோந்து பாருங்க."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நடுக்கத்தில் ஆடவில்லை. நானாகத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சு சத்தமே போடவில்லை.

இத்தனை நாளும் நான் காதால் மோந்துகொண்டிருந்திருக்கிறேன். மிளகு உருளும், சீரகம் சரசரக்கும், வெந்தயம் பொடிக்கல் மாதிரி தட்டும். பதமாக வறுத்த மல்லி விரலில் நெருடினால் காதுக்குப் பக்கத்தில் சொடுக்கும். கண்ணை மூடிச் சாமி வந்தவன் மாதிரி நின்றது அதைக் கேட்கத்தான். மூக்கு சும்மா அலங்காரத்துக்கு.

சீசாக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, தண்ணீரை மோந்த மாதிரி. அந்தப் பெண் எந்தப் பேரைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறதோ அதைச் சொன்னேன். அது எதையும் அழுத்தாமல் சொல்லப் பழகியிருந்தது. ஏழாவது சீசாவுக்குச் சோப்பு என்றேன். அதில் இருந்தது மல்லி.

"மூணு சரி" என்றார் டாக்டர். பரவாயில்லையே என்று மனைவியைப் பார்த்தேன். "நாலுல ஒண்ணச் சொல்லச் சொன்னா, மோந்து பாக்காமச் சொன்னாலே மூணு சரியா வரும்" என்று அதையும் பிடுங்கிக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சளி, தூசி, வயசு, எதனாலும் வாசனை போகலாம்; அதை மட்டும் வைத்து இந்த வியாதி என்று சொல்லிவிட மாட்டோம். ஆனால் கை, நடை, எழுத்து, தூக்கத்தில் உதைப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான். மாத்திரை எழுதினார். நான் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"மில்லு?"

"ஓடுற பெல்ட்டத் தொடாதீங்க. மெஷினைப் போட, நிறுத்த, கூடவே ஒரு ஆள் வேணும். இப்போதைக்கு மூடச் சொல்லல."

பஸ்ஸில் வரும்போது மனைவியிடம் கேட்டேன், ஒத்திகையிலேயே தெரியுமா என்று.

"டப்பாவ ஆட்டி ஆட்டித்தான் சொன்னீங்க. மஞ்சத்தூளு ஆட்டுனாச் சத்தம் வராதே. அப்பவே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"பாஸாயிட்டேன்னு சிரிச்சீங்க. நான் என்னத்தச் சொல்ல?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "மில்லுக்கு வர்றவுககிட்ட யாரு சொல்றது, நீங்களா நானா?" என்றாள்.

"சளின்னே இருக்கட்டுமே."

"ஒரு வருசத்துக்கு ஒரே சளியா?"

அந்த வாரமே பள்ளிவாசல் தெரு அம்மா அரிசியோடு வந்தார். மனைவி என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லை. எனக்கு வாசனை தெரியாது, இன்ன வியாதி, இன்ன மாத்திரை, இனிமேல் மாவை மோந்து பார்ப்பது வீட்டுக்காரம்மா என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப போன மாசம் எங்க மல்லிய மூக்குல வச்சுப் பாத்து, வறுவல் பத்தலன்னு வெயில்ல திருப்பி அனுப்புனீங்களே, அது?"

"அது காது சொன்னதும்மா."

"காதா?" அவர் பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை வெளியே எடுக்காமலே குலுக்கினார். "இது என்ன, சொல்லுங்க."

விடுவேனா? கண்ணை மூடினேன். சாமி வந்தது. "வெந்தயம். சந்தேகமே இல்ல."

திறந்து காட்டினார். உளுந்து.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றுதான் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தார். "காதும் போச்சு போங்க" என்று சொல்லிக்கொண்டே அரிசியை என் பக்கம் தள்ளினார். வேறு மில்லுக்குப் போவார் என்று நான் பயந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. நான் அரிசியைக் கொட்டினேன். மனைவி மெஷினைப் போட்டு, துணிக்குழாயிடம் குனிந்து மோந்துவிட்டு, "ம்" என்றாள்.