இருதயமேரி ஊற்றிய தண்ணீர்

இருதயமேரி காணை என்ற ஊர்ப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண். புருஷன் செத்த பிறகு திண்டிவனத்துக்கு வந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய மருந்துச்சாலையில் சேர்ந்தாள். காயம் கட்டவும் பிரசவம் பார்க்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். வாரத்தில் ஐந்து நாள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்கு நடப்பாள்.

பெட்டியில் கண்மருந்து, சொறிக்களிம்பு, பேதி மருந்தோடு ஒரு புட்டித் தண்ணீரும் இருக்கும். பிழைக்காது என்று தெரிந்த குழந்தையின் நெற்றியில் அதை ஊற்றி, ஞானஸ்நான வார்த்தைகளை உதட்டுக்குள் சொல்லிவிடுவாள். பெற்றவர்களைக் கேட்பதில்லை. கேட்டால் விடமாட்டார்கள், குழந்தைக்கு மோட்சம் கிடைக்காமல் போய்விடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சலுக்குத் துடைப்பதுபோல இருக்கும். ஐந்து வருஷமாக இது வெளியே தெரியவில்லை. தண்ணீர் பட்ட குழந்தைகள் எல்லாம் செத்துப்போயின.

1943 ஐப்பசியில் வாந்திபேதி வந்தது. கூலிக்காரன் முருகையனுடைய எட்டு மாத மகன் கண் செருகிக் கிடந்தான். தாய் பாஞ்சாலி வெந்நீர் எடுக்க எழுந்து போன நேரத்தில் இருதயமேரி தண்ணீரை ஊற்றி, சூசை என்று பெயரும் வைத்தாள்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

அவள் இதை மாதா கோயில் உபதேசியார் மாசிலாமணியிடம் மட்டும் சொன்னாள். அந்த மனிதருக்கு வாய் நிற்காது. அடுத்த வாரமே முருகையன் தெருவுக்குப் போய், "உங்க புள்ளைக்கு இருதயமேரி தண்ணி ஊத்தி சூசைன்னு பேரு வச்சிருக்கா. இனி அவன் எங்க கோயில் புள்ள, பத்திரமா வளருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து அதே வீட்டில் நாலு வயசு மகளுக்குப் பேதி கண்டது. பக்கத்துத் தெருவில் சேதி கேட்டு இருதயமேரி ஓடினாள். தெருமுனையில் முருகையனும் நாலைந்து ஆட்களும் மறித்துக்கொண்டார்கள். முருகையன் கையில் தடி இருந்தது.

"எம்புள்ள தலையில தண்ணி ஊத்தி மந்திரம் சொன்னியா, இல்லியா?"

காய்ச்சலுக்கு முகம் துடைத்தேன் என்று சொன்னால் போதும், வழி விட்டுவிடுவார்கள். உள்ளே குழந்தை பேதியில் வற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அந்தப் பொய் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஊத்தினேன். உங்களக் கேக்காம ஊத்தினேன். அது தப்பு."

"பாத்தீங்களாய்யா! மருந்து குடுத்துக்கினே மதம் மாத்துறா!" முருகையன் தடியை ஓங்கினான். அவள் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

குடிசையிலிருந்து பாஞ்சாலி கத்தினாள். "யோவ், இங்க பொண்ணு போய்க்கினு இருக்குது, நீ அங்க பஞ்சாயத்து பண்ணிக்கினு நிக்கிற! அவள உள்ள வுடு!"

முருகையன் தடியை இறக்கி வழி விட்டான். குழந்தையின் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. இருதயமேரி உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கக்கினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊட்டினாள். முருகையன் தடியோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பொழுது சாயும்போது கைநாடி விரலுக்குப் பிடிபடவில்லை.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பாஞ்சாலி, உன்னக் கேட்டுத்தான் செய்வேன். இவளுக்கும் தண்ணி ஊத்தி ஜெபம் சொல்லட்டா?"

பாஞ்சாலி அவளை உற்றுப் பார்த்தாள். "சாவப்போற புள்ளைக்குத்தான நீங்க ஊத்துவீங்க?"

"ஆமா."

"அப்ப எம்பொண்ணு செத்துடுவான்னு சொல்றியா? வேணாம். கரண்டிய எடு."

புட்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு சொட்டுப் போதும், யாரும் பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இருதயமேரி பெட்டியை மூடி முருகையன் பக்கம் தள்ளிவிட்டு, கரண்டியை எடுத்தாள்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் குழந்தை பாயை நனைத்தது. பேதி இல்லை, சிறுநீர். இருதயமேரி தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள். "மூத்திரம்தான். ஒடம்புல தண்ணி தங்குது, இனி தேறிக்குவா" என்றாள். முருகையன் எழுந்து வெளியே போய் அழுதான்.

மருந்துச்சாலையில், கேட்காமல் இனி ஊற்றமாட்டேன் என்று அவள் சொன்னபோது நல்ல திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டாள். பெட்டியை மட்டும் பிடுங்கவில்லை. அந்தச் சுற்றில் நடக்க வேறு ஆள் இல்லை.

தை மாதம் அந்தத் தெருவுக்குப் போனபோது பாஞ்சாலி மல்லாட்டையை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளி இடம் விட்டாள்.

"யக்கா, தெருமுனையில அடி வுழும்னு தெரிஞ்சும் இல்லைன்னு சொல்லலியே நீ. ஏன்?"

ஊர் ஊராக நடந்தும் இருதயமேரியிடம் யாரும் அதுவரை ஏன் என்று கேட்டதில்லை. அவள் உட்கார்ந்து, ஒரு கை மல்லாட்டையை அள்ளி உரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பாஞ்சாலி நடுநடுவே மறித்துக் கேள்வி கேட்டாள். சிலவற்றுக்கு இருதயமேரிக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.